வெயில் பார்த்து நடக்க வேண்டிய நகரம்

புடாபெஸ்ட்டைக் காலாறச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள், வரைபடத்துக்கு முன்னால் வெயிலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். டான்யூப் ஆறு இந்த ஊரை வடக்கிலிருந்து தெற்காக அறுத்துக்கொண்டு ஓடுகிறது. கிழக்கே சமதரையான பெஸ்ட், மேற்கே குன்றுகள் எழும்பும் புடா. காலை வெயில் புடாவின் கோட்டை மேலும் மாலை வெயில் பெஸ்ட் கரையின் நாடாளுமன்றத்தின் மேலும் விழும். ஆகவே காலையில் பெஸ்ட் கரையில் நடந்து புடாவைப் பாருங்கள். பொழுது சாய்வதற்குள் பாலம் தாண்டி புடாவுக்குப் போய் பெஸ்ட்டைப் பாருங்கள். மாற்றிச் செய்தால் நாள் முழுக்கக் கண் கூசும்.

தொடக்கம், ஃபோவாம் சதுக்கத்தில் இருக்கும் மத்தியச் சந்தைக் கூடம். ஷாமு பெட்ஸ் வடிவமைப்பில் 1897-இல் திறக்கப்பட்ட கட்டடம். உள்ளே போகும் அவசரத்தில் கூரையைத் தவறவிடாதீர்கள்: ஜோல்நாய் ஆலையின் வண்ண ஓடுகள், கம்பளம் விரித்த மாதிரி. வார நாளில் காலையிலேயே போவது நல்லது. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கடைகளைச் சாத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

எல்லோரும் நேரே மாடிக்கு ஏறுவார்கள். அங்கே பூவேலைத் துணிகளும், பூண்டுத் தண்ணீர் தடவி, புளித்த கிரீமும் துருவிய சீஸும் போட்டுத் தரும் லாங்கோஷ் என்ற பொரித்த ரொட்டியும் கிடைக்கும்; நெரிசலும் இலவசம். நீங்கள் முதலில் அடித்தளத்துக்கு இறங்குங்கள். மீன்கடைகளும் ஊறுகாய்க் கடைகளும் அங்கேதான். வெள்ளரி, முட்டைக்கோஸ், மிளகாய் எல்லாம் எண்ணெயில்லாமல் புளிப்பு நீரில் ஊறுகின்றன. சில ஜாடிகளில் காய்களையே வெட்டிக் கண், மூக்கு, வாய் வைத்துச் சிரிக்க விட்டிருப்பார்கள்.

பிறகு தரைத்தளம், பாப்ரிகா என்ற மிளகாய்த் தூள். மிளகாய் அமெரிக்காவில் பிறந்தது. நமக்குப் போர்த்துகீசியர் கொண்டுவந்தார்கள், ஹங்கேரிக்குத் துருக்கியர் காலத்தில் வந்தது. அதிலிருந்து ஹங்கேரியர்கள் காரத்தைக் கழித்துக்கொண்டே போனார்கள். ‘எடெஷ்’ என்று எழுதியிருந்தால் இனிப்பு வகை, ‘சிபோஷ்’ என்றால் காரம். நம்மவர்கள் தயங்காமல் சிபோஷ் வாங்குவார்கள். என்னைக் கேட்டால் அது வீண். காரத்துக்கு நம் குண்டூர் மிளகாயே போதும். எடெஷின் மணத்துக்கும் நிறத்துக்கும்தான் மாற்றில்லை. அதில் சர்க்கரைச் சத்து இருப்பதால் சூட்டில் சட்டென்று கருகிக் கசக்கும். வெங்காயம் வதங்கியதும் சட்டியை இறக்கி வைத்து, பிறகுதான் தூளைச் சேர்ப்பார்கள். வெளிச்சம் பட்டாலும் நிறம் மங்கும். கடை முகப்பில் தொங்கும் அழகான துணிப்பைகளை விட்டுவிட்டு, உள்ளே இருப்பதைக் கொஞ்சமாகக் கேட்டு வாங்குங்கள்.

இதே பாப்ரிகா மிளகாயிலிருந்துதான் செகெட் நகரத்து விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி வைட்டமின் சி-யை ஏராளமாகப் பிரித்தெடுத்தார். 1937-இல் நோபல் பரிசு பெற்றார். இரவுச் சாப்பாட்டில் வைத்த மிளகாயைத் தின்னப் பிடிக்காமல் ஆய்வகத்துக்கு எடுத்துப்போனதாக அவரே சொல்லியிருக்கிறார்.

வெளியே வந்தால் எதிரே பச்சை நிற விடுதலைப் பாலம், 1896-இல் திறந்தது. 1945 ஜனவரிக்குள் பின்வாங்கிய ஜெர்மானியப் படை நகரின் டான்யூப் பாலங்கள் எல்லாவற்றையும் தகர்த்தது. முதலில் மீண்டது இதுதான், 1946-இல். சங்கிலிப் பாலம் தன் நூறாவது வயதில், 1949-இல் திரும்ப வந்தது. எலிசபெத் பாலம் மட்டும் பழைய உருவுக்குத் திரும்பாமல் 1964-இல் வெள்ளை வெளேரென்று புதிதாக எழுந்தது. பெஸ்ட் கரையோடு வடக்கே நடக்கும்போது இந்த மூன்றும் வரிசையாக வரும். எது பழசு, எது பழசு மாதிரி, எது புதுசு என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

நாடாளுமன்றத்துக்குச் சற்று முன்னால், நீர் விளிம்பில், இரும்பில் வார்த்த அறுபது ஜோடிக் காலணிகள். 1944–45 குளிர்காலத்தில் ஹங்கேரியின் அம்புச் சிலுவைக் கட்சிக்காரர்கள் யூதர்களை இங்கே நிறுத்தி, காலணிகளைக் கழற்றச் சொல்லி, சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். ஜான் டோகாய், ஜூலா பாவர் இருவரும் 2005-இல் வைத்த நினைவுச்சின்னம். சிறு பிள்ளைகளுடையவையும் அவற்றில் உண்டு. இங்கே தற்படம் எடுக்காதீர்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு ஹோல்ட் தெருச் சந்தை. அதுவும் 1897-இல் திறந்ததுதான். கூட்டம் குறைவு, மாடியில் உணவுக் கடைகள். கசகசா வைத்துச் சுருட்டிய ரேடெஷ் என்ற பலகாரத்தைக் கட்டாயம் கேளுங்கள். நம் ஊரில் குருமாவுக்குச் சிட்டிகை அளவில் போடும் கசகசாவை இங்கே பூரணமாகவே அடைக்கிறார்கள்.

அதன்பின் அவசரமில்லை. மார்கரெட் பாலம் வழியாக புடாவுக்குக் கடந்து, கரையோரமாகத் தெற்கே இறங்கினால் பாத்யானி சதுக்கம். நேர் எதிரே நாடாளுமன்றம், 96 மீட்டர் உயரக் குவிமாடத்தோடு மேற்கு வெயிலை வாங்கிக்கொண்டு நிற்கும். படகில் விருந்து சாப்பிட்டபடி இதைப் பார்க்கச் சொல்லி நிறையப் பேர் அழைப்பார்கள். இருட்டிய பின் படகின் கண்ணாடியில் உங்கள் தட்டும் பக்கத்து மேசையும்தான் தெரியும். கரையில் உட்காரக் காசில்லை. கால் வலித்தால் அங்கேயே மெட்ரோ இருக்கிறது. ஆற்றுக்கு அடியில் போய், அடுத்த நிறுத்தத்தில் நாடாளுமன்ற வாசலிலேயே இறக்கிவிடும்.