பொன்னியின் செல்வன் 2 முன்னோட்டமும் ரசிகர் எதிர்வினைகளும்

பொன்னியின் செல்வன் 2, மணிரத்னம் இயக்கத்தில் 2023 ஏப்ரல் 28 அன்று வெளிவந்த வரலாற்றுச் சாகசத் திரைப்படம். கல்கி எழுதிய பொன்னியின் செல்வன் நாவலைத் தழுவி எடுக்கப்பட்ட இரு படங்களில் இது இரண்டாவது. இதன் டிரெய்லர் எனப்படும் முன்னோட்டம் 2023 மார்ச் 29 அன்று சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் நடைபெற்ற விழாவில் வெளியிடப்பட்டது. அதற்கு ரசிகர்கள் காட்டிய எதிர்வினைகள் ஒரு வணிகப் பரபரப்பு என்ற அளவோடு நிற்கவில்லை. பல தலைமுறைகள் வாசித்த ஒரு கதையின் முடிவை யார் உரிமை கொண்டாடுவது என்ற விவாதமாக அவை வளர்ந்தன. இக்கட்டுரை அந்த எதிர்வினைகளை வகைப்படுத்தி மதிப்பிடுகிறது.

பின்னணி

பொன்னியின் செல்வன் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை கல்கி வார இதழில் தொடராக வெளிவந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலைவாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என ஐந்து பாகங்கள் கொண்டது. வாரந்தோறும் காத்திருந்து படித்தவர்கள் வந்தியத்தேவனையும் குந்தவையையும் ஓவியர் மணியம் வரைந்த முகங்களாகவே மனதில் பதித்துக்கொண்டனர். பழைய இதழ்களிலிருந்து தொடரைக் கிழித்தெடுத்துத் தைத்து, பைண்டு செய்து வைத்திருந்த வீடுகள் தமிழகத்தில் ஏராளம். அந்தப் பைண்டு புத்தகங்களின் வழியாகவே பிந்தைய தலைமுறையினர் பலர் நாவலுக்குள் வந்தனர்.

இந்நாவலைப் படமாக்க 1950களின் இறுதியில் எம்.ஜி.ஆர். முயன்றார். கமல்ஹாசனும் பின்னர் முயன்றார். மணிரத்னமே 2019 இறுதியில் படப்பிடிப்பைத் தொடங்குவதற்கு முன் ஒருமுறை திட்டமிட்டுக் கைவிட்டவர். முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்று வெளிவந்தது. இரண்டு பாகங்களுக்கும் இடையிலான காலம் ஏழு மாதம்தான். ஆனால் கதையின் முடிவைத் திரையில் காண வேண்டும் என்ற காத்திருப்புக்கு ஏறத்தாழ எழுபது வயது. எதிர்வினைகளின் வேகத்தைப் புரிந்துகொள்ள இந்த எழுபது ஆண்டுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எதிர்வினைகளின் வகைகள்

முன்னோட்டத்தைப் பார்த்தவர்களை மூன்று வகையினராகப் பிரிக்கலாம்.

முதல் வகையினர் நாவல் வாசகர்கள். இவர்களுக்குக் கதை தெரியும். அருள்மொழிவர்மன் கடலில் மாண்டுபோகவில்லை, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் இருப்பான் என்பது தெரியும். கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் இறப்பான் என்பதும் தெரியும். எனவே இவர்கள் முன்னோட்டத்தில் தேடியது எது இருக்கிறது, எது விடுபட்டது என்பதையே. மணிமேகலை எங்கே? சேந்தன் அமுதனின் பங்கு என்ன? நாவலில் இல்லாத பெரும்போர் எங்கிருந்து வந்தது? இவையே இவர்களுடைய கேள்விகள்.

இரண்டாம் வகையினர் முதல் பாகத்தைப் பார்த்துக் கதைக்குள் வந்தவர்கள். நந்தினியின் முகச்சாயலில் கடலுக்குள் தோன்றிய வயதான பெண் யார் என்ற கேள்வியோடு முதல் பாகம் முடிந்தது. இவர்கள் அதற்கான விடையை முன்னோட்டத்தில் தேடினர். இவர்களில் கணிசமானோர் பொறுமையிழந்து நாவலை வாங்கிப் படிக்கத் தொடங்கினர். படம் புத்தகத்தை விற்ற அரிய நிகழ்வுகளுள் இது ஒன்று.

மூன்றாம் வகையினர் நடிகர்களின் ரசிகர்களும் இசை ரசிகர்களும். விக்ரம், கார்த்தி, ஜெயம் ரவி, ஐஸ்வர்யா ராய், திரிஷா ஆகியோரில் யாருக்கு எத்தனை காட்சி என்பது இவர்களது கணக்கு. முதல் பாகத்தில் சில நொடிகள் மட்டும் ஒலித்த 'அகநக' மெட்டு முழுப்பாடலாக வேண்டும் என்று கேட்டவர்களும் இவர்களே. அப்பாடல் முன்னோட்டத்துக்கு முன்பே மார்ச் 20 அன்று வெளியிடப்பட்டது.

மூவரும் ஒரே படத்துண்டைப் பார்த்தாலும் பார்த்தவை வேறு வேறு. வாசகர் மாற்றத்தைப் பார்த்தார், புதியவர் மர்மத்தைப் பார்த்தார், ரசிகர் முகத்தைப் பார்த்தார். எதிர்வினைகள் ஒன்றோடொன்று மோதியதற்கு இதுவே முதற்காரணம்.

பாகுபலியுடன் ஒப்பீடு

எல்லா வகையினரும் செய்த ஒப்பீடு ஒன்று உண்டு. எஸ்.எஸ். ராஜமௌலியின் பாகுபலி 2 வெளிவந்ததும் ஓர் ஏப்ரல் 28-இல்தான், 2017ஆம் ஆண்டில். அதன் முன்னோட்டம் ஒற்றைக் கேள்வியின் தோளில் ஏறி நின்றது: கட்டப்பா பாகுபலியை ஏன் கொன்றான்? அக்கதை எந்த நூலிலும் இல்லை. படக்குழுவினரைத் தவிர வேறு யாருக்கும் விடை தெரியாது. எனவே இரண்டு ஆண்டுகள் நாடு முழுவதும் அக்கேள்வி சுற்றிவர முடிந்தது.

பொன்னியின் செல்வனின் நிலை வேறு. இங்கும் மையத்தில் ஒரு கொலை இருக்கிறது. ஆனால் கொலை நடக்கும் என்பதும் எங்கே நடக்கும் என்பதும் லட்சக்கணக்கானோருக்குத் தெரியும். தெரிந்த கதையை மறைத்துவைத்துப் பரபரப்பூட்ட முடியாது. ஆகவே முன்னோட்டம் வேறொரு வழியை எடுத்தது. 'என்ன நடக்கும்' என்பதை விட்டுவிட்டு, 'அது எப்படி இருக்கும்' என்பதைக் காட்டியது. கரிகாலனும் நந்தினியும் நேருக்கு நேர் நிற்கும் தருணத்தை நோக்கி எல்லாக் காட்சிகளையும் நகர்த்தியது.

பாகுபலியின் பிரம்மாண்டம் இல்லை என்ற குறை முன்னோட்டத்தின் மீது அடிக்கடி சொல்லப்பட்டது. இக்குறை பாதி நியாயமானது. போர்க்காட்சிகளைப் பொறுத்தவரை ஒப்பீட்டைத் தவிர்க்க முடியாது. ஆனால் பாகுபலி அம்புலிமாமாக் கதையின் மரபில் வந்தது. அங்கே வீரன் பனைமரத்தை வளைத்துக் கோட்டைக்குள் பறக்கலாம். கல்கியின் கதையில் வீரர்கள் தவறு செய்கிறார்கள், மாட்டிக்கொள்கிறார்கள், பேச்சுத் திறமையால் தப்புகிறார்கள். வந்தியத்தேவனின் சாகசம் வாளில் பாதி, வாயில் பாதி. ரவிவர்மனின் ஒளிப்பதிவும் தோட்டா தரணியின் கலை இயக்கமும் இந்த மனித அளவை மீறாமல் இருக்கவே முயன்றன. ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அளந்தது எதிர்வினைகளின் பெரிய பிழை.

கல்வெட்டும் கதையும்

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்வி முன்னோட்டத்தைத் தொடர்ந்து மாணவர்களிடையே அதிகம் பேசப்பட்டது. இதில் வரலாறும் நாவலும் படமும் மூன்று வெவ்வேறு நிலைகளில் நிற்பதைப் பலர் கவனிக்கவில்லை.

வரலாற்றுச் சான்று காட்டுமன்னார்கோயில் அருகிலுள்ள உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த இக்கல்வெட்டு, பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிப்பிட்டு, அவர்கள் உறவினர்களின் உடைமைகள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையைப் பேசுகிறது. கொலைக்கான காரணத்தை அது சொல்லவில்லை. அதற்கிடையே ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் உத்தம சோழன் ஆண்டிருக்கிறான். தண்டனை ஏன் தாமதமாயிற்று என்பது வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கும் பொருள்.

கல்கி இந்த இடைவெளியைத்தான் கதையாக்கினார். கொலை நடந்த அறையில் பலரை நிறுத்தி, விளக்கை அணைத்து, யார் கை என்பதை உறுதியாகச் சொல்லாமல் விட்டார். நந்தினி என்ற பாத்திரம் அவருடைய படைப்பு. கல்வெட்டில் அவளுக்கு இடமில்லை. படமோ அந்த நந்தினியையே கொலையின் இதயத்தில் வைத்தது.

முன்னோட்டத்தைப் பார்த்து, 'வரலாற்றை மாற்றிவிட்டார்கள்' என்று சினந்தவர்களில் பலர் உண்மையில் சொல்ல விரும்பியது, 'நாவலை மாற்றிவிட்டார்கள்' என்பதையே. நாவலும் வரலாறும் ஒன்றாகிப் போயிருந்தன. இது கல்கியின் எழுத்தாற்றலுக்குக் கிடைத்த பெருமை. அதே சமயம் வரலாற்றுக் கல்விக்கு ஓர் எச்சரிக்கையும்கூட. இக்குழப்பத்தை முதல் பாகத்தின் போதே காண முடிந்தது. 2022 ஜூலையில் கரிகாலனின் நெற்றித் திலகம் நாமம் போல் இருக்கிறது, சைவச் சோழனுக்கு அது பொருந்துமா என்ற சர்ச்சை எழுந்து வழக்கறிஞர் நோட்டீஸ் வரை சென்றது. ஒரு சில நொடிக் காட்சி சான்றாவணம் போல ஆராயப்பட்டது.

பாண்டிய நாட்டிலிருந்து ஒரு பார்வை

முன்னோட்டத்துக்கு வந்த வரவேற்பின் பொதுவான தொனி சோழப் பெருமிதம். தஞ்சைக்கும் காவிரிப் படுகைக்கும் அது இயல்பானது. ஆனால் சிறுமலைக்கும் பழனி மலைக்கும் இடைப்பட்ட திண்டுக்கல் சமவெளி மரபாகப் பாண்டிய நாட்டின் வடபகுதி. இங்கிருந்து பார்க்கும் மாணவர் ஒருவருக்குப் படத்தின் 'வில்லன்கள்' யார் என்பது யோசிக்க வேண்டிய செய்தி. ரவிதாசனும் கூட்டாளிகளும் இருளிலும் காட்டிலும் காட்டப்படுகிறார்கள். அவர்கள் தங்கள் மன்னன் வீரபாண்டியனின் தலையை இழந்தவர்கள்.

கரிகாலன் 'வீரபாண்டியன் தலை கொண்ட' என்று பட்டம் பூண்டதைப் பலரும் அறிவர். அதே வீரபாண்டியன் தன் கல்வெட்டுகளில் 'சோழன் தலை கொண்ட' என்று பட்டம் பூண்டிருந்ததை அறிந்தவர் குறைவு. அதற்கும் முன்பே முதலாம் பராந்தக சோழன் மதுரையைக் கைப்பற்ற, பாண்டியன் இராசசிம்மன் மணிமுடியை இலங்கையில் விட்டுச் சென்றான். பழி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தொடங்கவில்லை. கல்கி இதை உணர்ந்தே நந்தினிக்கு இரக்கத்துக்குரிய ஒரு கடந்தகாலத்தைக் கொடுத்தார். முன்னோட்டமும் இளம் நந்தினியையும் கரிகாலனையும் காட்டி அந்த இரக்கத்தின் கதவைச் சற்றே திறந்தது.

ஆனால் எதிர்வினைகளில் அந்தக் கதவு வழியே நுழைந்தவர்கள் சிலரே. திண்டுக்கல் மாணவர் அன்றாடம் காணும் மலைக்கோட்டை நாயக்கர் காலத்தது. பாண்டியர் காலச் சான்றுகள் கண்ணில் படும்படி நிற்பதில்லை, கல்வெட்டு வரிகளாகவும் செப்பேடுகளாகவும் இருக்கின்றன. தேனி மாவட்டத்துச் சின்னமனூரின் பெயர் தாங்கிய பாண்டியர் செப்பேடு பாடநூலில் ஒரு வரியாகக் கடந்து போகிறது. பெருங்கோயிலும் பெருநாவலும் பெரும்படமும் வாய்த்த அரசமரபு நினைவில் நிற்கிறது, வாய்க்காத மரபு வில்லனாகிறது. இந்தச் சமமின்மையை ஒரு படத்தின் மேல் பழியாகப் போட முடியாது. பார்வையாளர் அதை அறிந்து பார்க்கலாம்.

வராத முன்னோட்டம்

ஒப்பிட வேண்டிய மற்றொரு தமிழ்ச் சாகசப்படம் செல்வராகவனின் ஆயிரத்தில் ஒருவன். 2010 பொங்கலுக்கு வெளிவந்தபோது கலவையான வரவேற்பைப் பெற்ற இப்படம், ஆண்டுகள் செல்லச் செல்லப் பெரும் ரசிகர் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டது. 2020 இறுதியில் மீண்டும் திரையிடப்பட்டது. 2021 புத்தாண்டு நாளில், தனுஷ் நடிக்கும் இரண்டாம் பாகம் 2024இல் வரும் என்று ஒரு சுவரொட்டி மூலம் அறிவிக்கப்பட்டது. 2024 முடிந்தது, படம் வரவில்லை. ஆயினும் அந்த ஒற்றைச் சுவரொட்டியை வைத்து ரசிகர்கள் கதைகள் புனைந்துகொண்டே இருந்தனர்.

அங்கே ரசிகர்கள் தாங்களே கதையை எழுதிக்கொள்ளும் நிலையில் இருந்தார்கள். பொன்னியின் செல்வனில் கதை முன்பே எழுதப்பட்டிருந்தது. முதலாவதில் எதிர்பார்ப்புக்கு எல்லை இல்லை. இரண்டாவதில் எதிர்பார்ப்பு ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கணக்கு கேட்டது.

மதிப்பீடு

படம் வெளிவந்தபோது நாவல் வாசகர்களின் ஐயங்கள் பல மெய்யாயின. மணிமேகலை இல்லை. சேந்தன் அமுதனின் பிறப்பு இரகசியம் விடப்பட்டு, முடிசூட்டு விழா வேறு வகையில் அமைந்தது. நாவலில் இல்லாத இராட்டிரகூடப் போர் சேர்ந்தது. அவ்வகையில் ரசிகர்களின் கூர்மையைப் பாராட்ட வேண்டும். சில நிமிடக் காட்சிகளிலிருந்து திரைக்கதையின் எலும்புக்கூட்டை அவர்கள் சரியாகவே ஊகித்தனர்.

ஆனால் பட்டியலிட்டதோடு அவர்கள் நின்றுவிட்டனர். விடுபட்டது ஏன் விடுபட்டது என்று கேட்கவில்லை. நாவலின் தலைப்பு அருள்மொழிவர்மனைக் குறிக்கிறது, அதன் உச்சம் அவன் முடியைத் துறக்கும் தியாகம். முன்னோட்டமோ கரிகாலன்–நந்தினி துயரத்தையே உச்சமாக அறிவித்தது. மணிரத்னமும் திரைக்கதையில் உடன் பணியாற்றிய ஜெயமோகனும் குமரவேலும் எடுத்த முதன்மையான முடிவு இதுவே. மற்ற மாற்றங்கள் பெரும்பாலும் இதன் விளைவுகள். தியாகக் கதை துயரக் கதையாக மாறியதில் கிடைத்தது என்ன, இழந்தது என்ன? கிடைத்தது இரு பெரும் பாத்திரங்களின் ஆழம். இழந்தது, கல்கியின் கதைக்கு உயிரான சிரிப்பும், சாதாரண மனிதர்களுக்கு அவர் கொடுத்த பெரிய இடமும். பூமாலை கட்டிய சேந்தன் அமுதன் அரியணை ஏறும் வியப்பு வாசகர்களுக்கு ஏன் அவ்வளவு பிடித்திருந்தது என்பதை நினைத்தால் இந்த இழப்பின் அளவு விளங்கும்.

ரசிகர் எதிர்வினை இணைய காலத்தில் பிறந்த பழக்கம் அல்ல. தொடர் முடிந்தபோது, பல செய்திகள் முடியாமல் நிற்கின்றன என்று வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டனர். கல்கி அவர்களுக்கு விடை கூறும் முகமாக ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்களின் பிற்கால வாழ்வைச் சொன்னார். அந்த வாசகர்கள் குறை சொன்னது முழுக்கதையையும் படித்த பின்பு. முன்னோட்டத்தின் ரசிகர்கள் தீர்ப்புச் சொன்னது படத்தைப் பார்ப்பதற்கு ஒரு மாதம் முன்பு. எதிர்பார்ப்பைச் சொல்வதற்கு அவசரம் பொருந்தும், தீர்ப்புச் சொல்வதற்குப் பொருந்தாது.

எனினும் இந்த எதிர்வினைகளின் பயனைக் குறைத்து மதிப்பிட முடியாது. நூலகத்தில் தூசி படிந்திருந்த ஐந்து பாகங்களை இளைஞர்கள் மீண்டும் எடுத்தனர். உடையார்குடி என்ற ஊர்ப்பெயர் வகுப்பறைக்கு வெளியே உச்சரிக்கப்பட்டது. முன்னோட்டம் எழுப்பிய கேள்விகளுக்கு விடை தேடுபவர் படத்தைப் பார்ப்பதோடு நாவலையும் படித்து, அதன்பின் கல்வெட்டுச் செய்தியையும் தேடினால், கதை எங்கே முடிகிறது, வரலாறு எங்கே தொடங்குகிறது என்பதைத் தாமே கண்டுகொள்ள முடியும்.