நீல டேஷ்போர்டும் காணாமல் போகும் சிவப்புக் கோடும்

கார் மீட்டர் போர்டின் விளக்கு நிறத்தை மாற்றுவது, வீட்டில் செய்துகொள்ளக்கூடிய மாற்றங்களில் மிக மலிவானது. சென்னை ஜி.பி. ரோட்டில் டி5, டி10 எல்இடி பல்புகள் நிறவாரியாகக் கிடைக்கின்றன. சாலிடரிங் பழகிய கைக்கு வேண்டிய எஸ்எம்டி எல்இடிகள் ரிச்சி தெருவில் சில்லறையாகவே கிடைக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவர், கீறல் விழாமல் டிரிம்மை நெம்பியெடுக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், இவ்வளவுதான் தேவை. எப்படிச் செய்வது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்த நிறத்துக்கு மாற்றுவது என்ற கேள்வியைத்தான் ரசனைக்கு விட்டுவிடுகிறோம், ரசனையும் பெரும்பாலும் நீலத்தில் போய் நிற்கிறது. மீட்டர் போர்டு அலங்காரத்துக்கு வைத்த பொருள் இல்லை. ஓட்டும்போது ஒரு நொடிக்குள் படித்துவிட்டுக் கண்ணைச் சாலைக்குத் திருப்ப வேண்டிய பலகை அது. அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் நீலம் கடைசியில் நிற்கும். யாரும் கேட்டு வாங்காத வார்ம் வொயிட் முதலில் வரும்.

முதலில் உங்கள் மீட்டர் எந்த வகை என்று தெரிய வேண்டும். பழைய கார்களில் மீட்டரின் முதுகில் சிறிய கண்ணாடி பல்புகள் இருக்கும். பிளாஸ்டிக் ஹோல்டரைக் கால் சுற்று திருப்பினால் கையோடு வந்துவிடும். பெரும்பாலும் 1.2 வாட் டி5, சிலவற்றில் டி10. பின்னால் வந்த கார்களில் பல்பு இல்லை. சர்க்யூட் போர்டிலேயே அரிசி அளவு எஸ்எம்டி எல்இடிகளைப் பதித்திருப்பார்கள். மூன்றாவது வகை, முழுக்கத் திரையாகிவிட்ட மீட்டர். அதில் சாலிடரிங் அயனுக்கு வேலையே இல்லை. எந்த வகையானாலும் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியை எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுப்பது நல்லது. மீட்டரின் கனெக்டரைக் கழற்றிய நிலையில் சாவியைத் திருப்பினால் பல கார்களில் ஏர்பேக் கோளாறு பதிவாகி, அந்த விளக்கு அணைய மறுக்கும்.

இந்த வேலையில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. மீட்டரில் நாம் பார்க்கும் நிறம் பல்பில் இருந்து மட்டும் வருவதில்லை. டயல் என்பது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகட்டின் மேல் மையால் அச்சடித்த ஒன்று. எண்கள் இருக்கும் இடத்தில் மட்டும் கறுப்பைப் பூசாமல் விட்டு, பின்னாலிருந்து வெளிச்சத்தை வரவிடுகிறார்கள். சில கார்களில் பச்சை நிறம் டயலின் முதுகில் பூசிய வடிகட்டியில் இருக்கும், சிலவற்றில் பல்புக்கு மாட்டிய பச்சை ரப்பர் தொப்பியில் இருக்கும். இழை பல்பின் ஒளியில் எல்லா நிறமும் கலந்திருப்பதால், வடிகட்டி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தடுத்துவிடும். நீல எல்இடியிடம் 470 நானோமீட்டரை ஒட்டிய ஒரு சிறு துண்டு ஒளி மட்டுமே உண்டு. அதை ஆரஞ்சு வடிகட்டிக்குப் பின்னால் வைத்தால் வெளியே வருவது அனேகமாக இருட்டுதான். இது எவ்வளவு தூரம் போகும் என்பதை ஆர்பிஎம் மீட்டரில் நேராகவே பார்க்கலாம். எண்கள் பளிச்சென்று நீலத்தில் எரியும். ஆனால் கடைசியில், இன்ஜினை இதற்கு மேல் விரட்டாதே என்று சொல்லும் சிவப்புப் பட்டை இருந்த இடம் கறுத்துக் கிடக்கும். சிவப்பு மை நீல ஒளியை விழுங்கிவிடுகிறது. டெம்பரேச்சர் மீட்டரில் ‘ஹெச்’ பக்கம் உள்ள சிவப்புக் கோட்டுக்கும் இதே கதிதான். முள்ளும் தப்பாது. ஒளிரும் சாயம் பூசியதாகவோ தனி எல்இடி உள்ளதாகவோ இருந்தால் பிழைக்கும். வெறும் சிவப்பு பிளாஸ்டிக்காக இருந்தால் மங்கி டயலின் கறுப்போடு கலந்துவிடும். இரவில் எச்சரிக்கை செய்ய என்றே வரைந்த குறிகள்தான் முதலில் மறைகின்றன. பல்பு வாங்கும் முன் இதைச் சோதித்துவிடலாம். ஒரு ஹோல்டரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக நீங்கள் விரும்பும் நிறத்தில் ஒரு சிறு எல்இடியைக் காட்டிப் பார்த்தால் போதும், எது மறைகிறது என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது கண்ணின் சாட்சி. நம் விழித்திரையில் பகலுக்கும் நுணுக்கமான பார்வைக்கும் கூம்பு செல்கள், இருட்டுக்குக் குச்சி செல்கள். எந்த ஒளி எவற்றை எவ்வளவு தூண்டும் என்ற அளவுகோல்களைச் சர்வதேச ஒளி ஆணையமான சிஐஇ 1924-லும் 1951-லும் வகுத்துவிட்டது. அதன்படி கூம்பு செல்களின் உச்சம் 555 நானோமீட்டர், குச்சி செல்களின் உச்சம் 507. அந்தந்த உச்சத்தை 100 என்று வைத்துக்கொண்டால், 470 நானோமீட்டர் நீலத்துக்குக் கூம்பு செல்கள் கொடுப்பது வெறும் 9. குச்சி செல்கள் கொடுப்பதோ 68. ஆம்பர் நிறமான 590-ல் கணக்கு தலைகீழ்: கூம்பு 76, குச்சி 7-க்கும் கீழே. அதாவது, எண்ணைப் படிக்க வேண்டிய செல்களுக்கு நீலம் கொஞ்சமாகத்தான் போய்ச் சேர்கிறது. இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டிய செல்களைத்தான் அது தட்டி எழுப்புகிறது. கூர்மையாகப் பார்க்கும் விழித்திரையின் நட்டநடுப் புள்ளியில் நீலத்தை உணரும் கூம்பு செல்கள் கிட்டத்தட்ட இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீல எண்கள் கூசவும் செய்யும், அதே நேரத்தில் விளிம்பு மங்கலாகவும் தெரியும். வெளிச்சம் போதவில்லை என்று கூட்டினால் கூச்சமும் கூடவே ஏறும்.

மூன்றாவது சாட்சி, மீட்டரிலேயே இருக்கும் எச்சரிக்கை விளக்குகள். ஐஎஸ்ஓ 2575 தரமும் ஐ.நா.வின் 121-ஆவது வாகன விதியும் இவற்றுக்குச் சின்னங்களையும் நிறங்களையும் வகுத்திருக்கின்றன: ஆபத்துக்குச் சிவப்பு, கவனத்துக்கு ஆம்பர், இண்டிகேட்டருக்குப் பச்சை, ஹை பீமுக்கு நீலம். முழு மீட்டரும் நீலமாக எரியும்போது ஹை பீம் விளக்கு அதில் கரைந்துபோகும். எதிரே வருபவரின் கண்ணைப் பறித்துக்கொண்டே பல கிலோமீட்டர் போகிறோம் என்பது ஓட்டுபவருக்குத் தெரியாது. இந்தச் சிக்கல் நீலத்துக்கு மட்டுமானதில்லை. சிவப்பு மீட்டரில் ஆயில், பிரேக் விளக்குகளின் அதட்டல் குறையும். ஆம்பர் மீட்டரில் இன்ஜின் விளக்கு கொஞ்சம் ஒளிந்துகொள்ளும். எச்சரிக்கை நிறங்களோடு மோதாமல் ஒதுங்கி நிற்பது வெள்ளைதான். டயலில் அச்சடித்த சிவப்புப் பட்டையும் சிவப்பு முள்ளும் தம் நிறத்தோடு தெரிவதும் வெள்ளையில்தான். ஆனால் கடையில் வெள்ளை என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் 6000 கெல்வின் கூல் வொயிட். அதன் ஒளியில் நீலத்தின் பங்கு பெரிது. 3000 கெல்வின் வார்ம் வொயிட்டில் அந்தப் பங்கு வெகுவாகக் குறைந்து, மஞ்சளும் சிவப்பும் கூடியிருக்கும். பழைய இழை பல்பை மனத்தில் வைத்து வரைந்த டயல்களுக்கு இதுவே பொருந்தும்.

நிறத்தை முடிவு செய்த பிறகு மின்சாரக் கணக்கு. எல்இடிக்குத் திசை உண்டு. மாட்டி எரியவில்லை என்றால் திருப்பி மாட்டினால் போதும், அது சின்ன விஷயம். டிம்மர்தான் பெரிய விஷயம். பழைய கார்களின் டிம்மர், பல்புகளோடு வரிசையில் நிற்கும் ஒரு மாறும் தடை. 0.1 ஆம்பியர் இழுக்கும் பல்புகள் நான்கு இருந்தால், 10 ஓம் தடை 4 வோல்ட்டைப் பிடித்துக்கொள்ளும்; வெளிச்சம் நன்றாக இறங்கும். அதே இடத்தில் 15 மில்லிஆம்பியர் எல்இடிகள் நான்கு என்றால் பிடிபடுவது 0.6 வோல்ட் மட்டுமே. குமிழை எவ்வளவு திருப்பினாலும் வெளிச்சம் அசையாது. தெருவிளக்கில்லாத சாலையில் முழுப் பிரகாசத்தோடு முகத்தில் அடிக்கும். மின்சாரத்தைத் துடிப்புகளாக வெட்டித் தரும் புதிய டிம்மர்களில் இந்தச் சிக்கல் குறைவு. பேட்டரி சின்னம் போட்ட சார்ஜிங் விளக்கைத் தொடவே கூடாது. பல பழைய கார்களில் அந்தப் பல்பின் வழியாகப் போகும் மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டரைத் தூண்டி உயிர்ப்பிக்கிறது. எல்இடி போட்டால் அந்த மின்னோட்டம் போதாமல் சார்ஜ் ஏறாமலே போகலாம். இரு பக்க இண்டிகேட்டருக்கும் ஒரே பல்பு உள்ள மீட்டரில், எல்இடி ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் சிமிட்டும். சுருக்கமாக, பின்னொளி பல்புகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சர்க்யூட் போர்டில் எல்இடியையே மாற்றுவது இன்னொரு கணக்கு. சிவப்பு, ஆம்பர் எல்இடிகளுக்குத் தேவை சுமார் 2 வோல்ட். நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3.2. நான்கு சிவப்பு எல்இடிகள் வரிசையாக இருந்து 300 ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தால், இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டில் 8 போக மிச்சம் 6. மின்னோட்டம் 20 மில்லிஆம்பியர். அதே இடத்தில் நான்கு வெள்ளையை வைத்தால் மிச்சம் ஏறக்குறைய இருக்காது. மின்னோட்டம் சில மில்லிஆம்பியருக்கு இறங்கி மீட்டர் சோகையாக எரியும்; இன்ஜினை நிறுத்தினால் இன்னும் தேயும். எதிர்த்திசையில் போனால் ஆபத்து. மூன்று நீலத்துக்கு 220 ஓம் என்று இருந்த இடத்தில் மூன்று சிவப்பைப் போட்டால் 36 மில்லிஆம்பியர் பாய்ந்து அவற்றின் ஆயுளைத் தின்றுவிடும். ஆகவே ரெசிஸ்டரையும் மாற்ற வேண்டும். எல்இடியை எடுக்கும்போது சாலிடரிங் அயனைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்தால் போர்டின் செம்புத் தடமே உரிந்து வரும். எல்லாவற்றையும்விட நுட்பமானது முள். டயலை எடுக்க முள்ளைப் பிடுங்க வேண்டிவரும். திரும்பச் செருகும்போது கோணம் சற்றுப் பிசகினாலும் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். வேகத்தைத் தப்பாகக் காட்டும் மீட்டர் எந்த நிறத்தில் எரிந்தும் பயனில்லை. முள்ளைத் தொடாமல் போர்டை எடுக்க முடியாத மீட்டரை வீட்டில் பிரிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இதற்கெல்லாம் மறுப்பு உண்டு. முதல் மறுப்பு: ஃபோக்ஸ்வாகனே நீலத்தைத்தானே கொடுத்தது? உண்மை. 1997-ல் வந்த நான்காம் தலைமுறை கோல்ஃபின் நீல டயலும் சிவப்பு முள்ளும் அந்த நிறுவனத்தின் அடையாளமாகவே இருந்தன. ஆனால் அந்த மீட்டரை நீலத்துக்கென்றே வடிவமைத்தார்கள். வேறு நிறத்துக்கு வரைந்த டயலில் பல்பை மட்டும் மாற்றுவதோடு அதை ஒப்பிட முடியாது. அந்த நிறுவனமும் 2008-ல் வந்த ஆறாம் தலைமுறையில் வெள்ளைக்கு மாறிவிட்டது. பிஎம்டபிள்யூ பல பத்தாண்டுகள் ஆம்பர் கலந்த ஆரஞ்சை விடாமல் வைத்திருந்தது. சாப் நிறுவனம் இன்னும் ஒரு படி போய், ஸ்பீடோமீட்டர் தவிர மற்ற விளக்குகளை இரவில் அணைத்துவிடும் பொத்தானையே கொடுத்தது. இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: நகரத்தில் தெருவிளக்கு, முன்னால் ஹெட்லைட், கையருகில் பெரிய டச் ஸ்க்ரீன். இத்தனை வெளிச்சத்தில் கண் எங்கே முழு இருட்டுக்குப் பழகப் போகிறது? பழகாதுதான், ஒப்புக்கொள்கிறேன். குச்சி செல்களின் வாதம் நகரத்துக்குள் பாதி பலமிழக்கிறது. ஆனால் சிவப்புக் கோடு மறைவதும் ஹை பீம் விளக்கு கரைவதும் மவுண்ட் ரோட்டிலும் நடக்கும். மூன்றாவது மறுப்பை ஒளியியல் தெரிந்தவர் எழுப்புவார்: நீல ஒளி கண்ணுக்குள் சற்று முன்னாலேயே குவிகிறது, கிட்டப் பொருள் மங்கும் நாற்பது வயதுக்கு மேற்பட்டவருக்கு அது உதவாதா? தனித்துப் பார்த்தால் கொஞ்சம் உதவும். ஆனால் எண் நீலமாகவும் முள் சிவப்பாகவும் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் குவியாது, கண் மாறி மாறித் திணறும். கடைசியாக, என் வண்டி என் விருப்பம் என்ற வாதம். அதற்கு வழி இருக்கிறது. 2005 மஸ்டாங்கில் ஃபோர்டு 125 நிறங்களைக் கொடுத்தது, அதற்கென்றே வடிவமைத்த மீட்டரில். நம்மிடம் அது இல்லாவிட்டால், காலடி விளக்கிலும் கதவுப் பையிலும் நீலத்தைத் தாராளமாகப் போடலாம். அங்கே படிக்க வேண்டியது எதுவும் இல்லை.

ஆகவே என் மதிப்பீடு இது. பல்பு வகை மீட்டர் உள்ளவர்கள், பழுத்துப்போன வெளிச்சத்தை மாற்றவோ புதிய ஸ்டீரியோவின் நிறத்தோடு ஒத்துப்போகவோ விரும்பினால், தாராளமாக இறங்கலாம். பல்பில் ரப்பர் தொப்பி இருந்தால் கழற்றிவிட்டு, வெளிச்சத்தைப் பரப்பும் முனை கொண்ட வார்ம் வொயிட் எல்இடியைப் போடுங்கள். அப்படிப்பட்ட முனை இல்லாவிட்டால் டயலில் திட்டுத் திட்டாக வெளிச்சம் விழும். நிறம் இருந்தே ஆக வேண்டும் என்றால் அடுத்தது ஆம்பர், அதன்பின் சிவப்பு. டிம்மர் வேலை செய்கிறதா என்பதை இரவில் சோதித்துவிட்டு டிரிம்மை மூடுங்கள். வெளிச்சம் இறங்கவில்லை என்றால் பாதி பல்புகளைப் பழைய இழை பல்பாகவே விட்டுவைத்தால் டிம்மருக்குப் பிடிமானம் கிடைக்கும். எஸ்எம்டி வகையில், ரெசிஸ்டர் கணக்கும் முள்ளைத் தொடாமல் பிரிக்கும் வழியும் தெரிந்தவர் மட்டும் கை வைக்கலாம். நீலம் பிடிக்கும் என்பவர் மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒரே ஒரு நீல பல்பை ஆர்பிஎம் மீட்டருக்குப் பின்னால் மாட்டிப் பார்க்கட்டும். சிவப்புப் பட்டை இன்னும் சிவப்பாகவே தெரிந்தால், ஹை பீம் போட்டதும் அந்த விளக்கு தனியாகக் கண்ணில் பட்டால், மற்ற பல்புகளையும் வாங்கலாம். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்தப் பணத்துக்கு வார்ம் வொயிட்டே வாங்குங்கள்.