சுண்டுவிரல் தொடாத மூன்று தந்திகள்

நம் சபையின் வெள்ளிவிழா மலருக்கு வீணைப் பாணிகளைப் பற்றி நாலு பக்கம் வேண்டும் என்று செயலாளர் கேட்டார். அவர் கேட்டால் மறுக்க முடியாது. திருநீர்மலையில் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் சேவை சாதிக்கிறாரே, பாணியையும் நான்காக வைத்துக்கொண்டால் பொருத்தமாக இருக்கும் என்று மலர்க்குழுவில் ஒரு பெரியவர் யோசனையும் சொன்னார். எண்ணிப் பார்த்தேன். தஞ்சாவூர், மைசூர், ஆந்திரம், திருவிதாங்கூர். நான்கு வரத்தான் செய்கிறது. ஆனால் காரைக்குடியைத் தஞ்சாவூருக்குள் அடைத்தால், எனக்கு வீணை சொல்லிக்கொடுத்த எங்கள் மாமி இருந்திருந்தால் எழுந்தே போயிருப்பார். தனம்மாளை எதில் சேர்ப்பது? குரு என்று ஒருவர் இல்லாத பாலசந்தரை? கணக்கை விட்டுவிட்டேன்.

மைசூருக்கு சேஷண்ணா, வெங்கடகிரியப்பா, துரைசாமி ஐயங்கார் என்று ஒரே கோடு. அதன் சுத்தம் எல்லோரும் அறிந்தது. ஆந்திரத்துக்கு ஈமனி சங்கர சாஸ்திரி, அவர் சீடர் சிட்டிபாபு. 1964இல் வந்த ‘கலைக்கோவில்’ படத்தில் சிட்டிபாபுவின் வீணையைக் கேட்டுவிட்டு வீணை வாங்கித் தரச் சொல்லி வீட்டில் அழுதவர்கள் நம் உறுப்பினர்களிலேயே இருவர் உண்டு. பாட்டே இல்லாமல் 1954இல் ‘அந்த நாள்’ எடுத்த பாலசந்தர், வீணையில் மட்டும் ஒரே மெட்டில் தந்தியை இழுத்து இழுத்துப் பாடவைத்தார். கே.எஸ். நாராயணசாமி அவர்களின் வாசிப்பில் அடக்கமே அழகு. சென்னை மியூசிக் அகாடமி அவருக்கு 1979இல் சங்கீத கலாநிதி கொடுத்தது. தனம்மாள் (1867–1938) ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் வாசித்ததை அங்கே போய்க் கேட்டவர்கள் இன்று இல்லை. கேட்டவர்களைக் கேட்டவர்கள் நாம்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். காரைக்குடி சகோதரர்களில் மூத்தவர் சுப்பராமய்யர் வீணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு வாசித்தார். இளையவர் சாம்பசிவய்யர் மடியில் படுக்க வைத்து வாசித்தார். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் மிருதங்கத்தோடு அவர்கள் தானம் வாசித்த கதையை மாமி சொல்லும்போது குக்கர் எத்தனை விசில் போட்டது என்பதுகூட மறந்துவிடும். சாம்பசிவய்யர் 1952இல் சங்கீத கலாநிதி ஆனவர். கடைசிக் காலத்தில் அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தில் சொல்லிக்கொடுத்தார். 1958இல் அவர் மறையும் வரை அவரிடம் பாடம் கேட்ட பெண்களில் மாமியும் ஒருவர். மேடை ஏறாதவர், பெயர் போட வேண்டாம் என்று குடும்பத்தார் சொல்லிவிட்டார்கள். நம்மில் பலருக்கு யாரென்று தெரியும்.

குரோம்பேட்டையில் ரயில் பாதைக்குக் கிழக்கே அவர் வீடு. காலை ஆறு மணிக்குப் பாடம். முதல் மூன்று மாதம் இடது கை மெட்டில் படக்கூடாது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்ட, சுண்டுவிரல் மேல்நோக்கித் தாளத் தந்திகளில். அவ்வளவுதான். ஆதி தாளத்தின் அடியும் வீச்சும் அந்த மூன்று தந்திகளில் விழ வேண்டும். மாமி எதிரில் உட்கார மாட்டார். சமையலறையில் வேலையாக இருப்பார். இங்கே ஒரு வீச்சுத் தவறினால் அங்கிருந்து குரல் வரும்: “ஏண்டா, சுண்டுவிரல் தூங்கறதா?” என் பதினான்கு வயதில் விரல் ஓரம் வீங்கி, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். வாய்ப்பாட்டுக்காரர் தொடையில் தாளம் போடுகிறார். வீணைக்காரருக்குத் தொடை கிடையாது, சுண்டுவிரல்தான் என்பார் மாமி.

மைசூரிலும் ஆந்திரத்திலும் தாளத் தந்தி இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. எல்லாப் பாணிக்கும் மெட்டு இருபத்துநான்கு, மேலே நான்கு தந்தி, பக்கத்தில் மூன்று. பாணிக்குப் பாணி மீட்டின் கனமும் கமகத்தின் நீளமும் வேறு. சுண்டுவிரல் கடமை எல்லோருக்கும் பொது.

யாரையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. நம் மேடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் நல்ல உழைப்பாளிகள். சிலர் என் பேத்தி வயது, ஞானத்தில் என்னைவிட மூத்தவர்கள். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். போன வருஷம் ஒரு கச்சேரியில் முன்வரிசையில் இருந்தேன். இரண்டே கால் மணி நேரம். அந்தச் சுண்டுவிரல் தாளத் தந்தியைத் தொட்டது பதினொரு முறை. எண்ணினேன். அதில் நான்கு, வாசித்து முடித்துக் கும்பிடுவதற்கு முன்னால் சும்மா ஒரு வருடு வருடியது. வித்வானைக் குறை சொல்ல மாட்டேன். வீணையில் ஒட்டிய காண்டாக்ட் மைக் மேல் தந்தியை மட்டும் சிங்கமாக்கிவிடுகிறது. தாளத் தந்தி தட்டினால் பெட்டியில் தகரம் உருள்வதுபோல் கேட்கிறது. ஆகவே தட்டுவதில்லை. (மைக் செட் வாங்கித் தந்த புரவலர் தவறாக எண்ணக் கூடாது. அவர் இல்லையென்றால் நம் சபைக்கு மின்விசிறிகூட இல்லை.)

மூன்று வருஷத்துக்கு முன் மகன் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன். வட கரோலினா மலைப்பக்கம் ஒரு சின்ன ஊர்த் தியேட்டரில் பான்ஜோ கச்சேரிக்கு அழைத்துப் போனான். நம் ஊரில் பான்ஜோ என்று கட்டையை அமுக்கி வாசிக்கிற புல்புல்தாரா அல்ல. தோல் போர்த்திய முகம், நீளக் கழுத்து. அதன் ஐந்தாவது தந்தி குட்டையானது, கழுத்தின் பாதியிலிருந்துதான் புறப்படுகிறது. அதைப் பெரும்பாலும் அழுத்துவதில்லை, கட்டைவிரலால் மீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நம் பக்கத் தந்தியேதான்! ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்பவர் 1945 கடைசியில் பில் மன்றோ குழுவில் சேர்ந்து, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் உருட்டி வாசிக்கிற தம் முறையைப் பிரபலமாக்கினாராம். இன்று பிள்ளைகள் அதையே கற்கிறார்கள். அன்று ஐந்து பேர் ஒரே மைக்கைச் சுற்றி நின்றார்கள். முறை வந்தவர் முன்னே வருவார், முடிந்ததும் பின்னே போவார். வாசித்த பையனுக்கு இருபது வயது இருக்கும். அந்த ஐந்தாம் தந்தியை ஒரு முறையாவது விட்டானா என்று பார்த்தேன். விடவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. பாட்டில் உருகிவிட்டேன் என்று மகன் நினைத்துக்கொண்டான்.

இங்கே தாளத் தந்தி போனதும் ஒவ்வொன்றாகப் போயிற்று. தானம் போயிற்று, தாளக்கட்டு இல்லாவிட்டாலும் ஒரு நடை உள்ளே ஓடுகிற தானத்துக்குச் சுண்டுவிரல் இல்லாமல் உயிர் ஏது? இப்போது ஐந்து நிமிடத் தானமே நீளம் என்கிறார்கள். தனி வீணைக் கச்சேரி மத்தியானம் இரண்டு மணிக்குப் போயிற்று. மெட்டுகளைப் பதித்த மெழுகு இளகினால் மேளம் கட்ட ஆள் தேடித் தஞ்சாவூர் வரை ஓட வேண்டியிருக்கிறது. சுரைக்காய் ஃபைபர் ஆயிற்று. பிரடை திருகிச் சுருதி சேர்க்கத் தெரியாத பிள்ளைகள், செல்போனைப் பார்த்துச் சேர்க்கிறார்கள். கல்யாண வரவேற்பில் பிரியாணி வாசனைக்கு நடுவே சினிமாப் பாட்டு வாசிக்க வீணை கூப்பிடப்படுவதற்கும் அந்தச் சுண்டுவிரல்தான் காரணம் என்று நான் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

மைக் வருவதற்கு முன் திருநீர்மலை அடிவாரத்தில் நம் சபை மண்டபத்தில் மாமி ஒரே ஒரு தடவை, வெளியாருக்குச் சொல்லாமல், வாசித்தார். மீனம்பாக்கம் விமானம் தலைக்கு மேல் போனபோது மேல் தந்தி எங்களுக்குக் கேட்கவில்லை. சத்தம் தேய்ந்து, முதலில் காதில் விழுந்தது தாளத் தந்திதான். சரியான வீச்சில் இருந்தது.

சபைக்குச் சொந்தமான வீணை இப்போதும் அந்த மண்டபத்து உள்ளறையில்தான் இருக்கிறது. நடுத் தாளத் தந்தி அறுந்து இரண்டு வருஷமாகிறது. தந்தி என்னிடம் இருக்கிறது, பத்து நிமிட வேலை. சாவி யாரிடம் இருக்கிறது என்று செயலாளர் விசாரித்துச் சொன்னால் வந்து மாட்டித் தருகிறேன்.