நாட்டுக்கு ஒரு புள்ளி போதுமா?

உலக மக்களின் வாழ்க்கைத் தரத்தை ஒரே பார்வையில் காட்டும் படங்கள் இக்காலத்தே பெருகியுள்ளன. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது, சுவீடன் நாட்டு மருத்துவப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் உலகெங்கும் கொண்டு சென்ற குமிழிப் படம். படுக்கைக் கோட்டில் வருமானம். நிமிர்ந்த கோட்டில் ஆயுள். நாட்டுக்கு ஒரு குமிழி. மக்கள்தொகை மிகுந்தால் குமிழி பெரிது. 1800ஆம் ஆண்டிலிருந்து காலம் நகர நகரக் குமிழிகள் வலப்புறமாக மேலே ஏறுகின்றன.

ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியனாகிய யான், ஆறாம் ஆண்டு மாணவர்க்கு இப்படத்தைத் திரையில் காட்டினேன். சிங்கப்பூரின் சிறு புள்ளி வலக்கோடியில் உயர்ந்து நின்றதைக் கண்டு பிள்ளைகள் கைதட்டினர். அப்பொழுது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, எங்க அப்பா எந்தப் புள்ளியில இருக்காரு?" என்று கேட்டாள். அவள் தந்தை விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, கடற்பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் வேலை செய்து, இரவு ஒன்பதுக்கு வீடு திரும்புபவர். எனக்கு அன்று விடை வரவில்லை. அக்கேள்வியைத் துணைக்கொண்டே இப்படத்தை ஈண்டு ஆராய முற்படுகிறேன்.

குறை கூறுமுன் நிறையைச் சொல்வது முறை. ரோஸ்லிங் 1972இல் பெங்களூரில் மருத்துவம் கற்றவர். மேலைநாட்டாரே முந்தி நிற்பர் என்று எண்ணி வந்தவர், உடன்பயின்ற இந்திய மாணவர் தம்மினும் நன்கு கற்றிருக்கக் கண்டு நாணியதாகப் பின்னாளில் கூறினார். உலகம் 'அவர்கள்', 'நாம்' என இரண்டாகப் பிளந்து கிடக்கிறது என்ற பழைய எண்ணத்தை உடைப்பதே அவர் நோக்கம். 2005இல் மகனோடும் மருமகளோடும் சேர்ந்து கேப்மைண்டர் என்னும் அமைப்பை நிறுவி, 2017இல் மறையும்வரை அப்பணியைச் செய்தார். படத்தின் வருமானக் கோட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. 1,000 டாலரிலிருந்து 2,000க்குச் செல்லும் தொலைவும், 32,000இலிருந்து 64,000க்குச் செல்லும் தொலைவும் அதில் ஒன்றே. ஏழைக்குக் கிடைக்கும் ஆயிரமும் செல்வனுக்குக் கிடைக்கும் ஆயிரமும் ஒன்றல்ல என்பதை அக்கோடு அறிந்திருக்கிறது. கணக்காசிரியர் பலர் இதனைச் சொல்லாமலே படத்தைக் காட்டிவிடுகின்றனர். அது படத்தின் பிழையன்று.

பிழை வேறிடத்தில் உள்ளது. படத்தின் அலகு மனிதன் அல்லன், நாடு.

இது ரோஸ்லிங்குக்கு மட்டும் உரிய குறை என்று சொல்வதற்கில்லை. 1990இல் மஹ்பூப் உல் ஹக்கின் முயற்சியால் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம் வெளியிட்ட மனித மேம்பாட்டுக் குறியீட்டெண்ணுக்கும் அஃது உண்டு. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் ஒரே எண்ணில் அடைப்பதை அமர்த்தியா சென் முதலில் விரும்பவில்லை. நாட்டு வருமானம் என்ற முரட்டு எண்ணை வீழ்த்த இன்னொரு முரட்டு எண்தான் வேண்டும் என்று ஹக் அவரை இசைவித்தார். ஹக் சொன்னது சரியே. ஆயினும் சென் ஐயுற்றதும் சரியே என்பதை இலங்கையின் கதை காட்டுகிறது.

1979இல் மாரிஸ் டேவிட் மாரிஸ் என்னும் பொருளியல் அறிஞர், குழந்தை இறப்பு, ஆயுள், எழுத்தறிவு ஆகியவற்றைக் கொண்டு வாழ்க்கைத் தரத்துக்கு ஓர் அளவுகோல் அமைத்தார். அதில் கேரளமும் இலங்கையும் தத்தம் வருமானத்துக்கு மிஞ்சிய உயரத்தில் நின்றன. அறிஞர் உலகம் இலங்கையைப் பாராட்டியது, பாராட்டுக்கு உரியதே. ஆனால் அத்தீவின் அந்நியச் செலாவணிக்குத் தேயிலை பறித்த மலையகத் தமிழரோ 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர். அவர்தம் லயங்களில் குழந்தை இறப்பு நாட்டுச் சராசரியினும் மிக அதிகம்; எழுத்தறிவு மிகக் குறைவு. 1970களின் உணவுத் தட்டுப்பாட்டில் அங்கே மக்கள் பட்டினியால் மாண்டனர். நாட்டின் புள்ளி உயரத்தில் நின்றது. தோட்டம் அதற்குள் மறைந்திருந்தது. தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே பாடம் சொல்லும் எனக்கு இவ்விடத்தை எளிதில் கடந்து செல்ல மனம் வரவில்லை.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். 2025ஆம் ஆண்டு அறிக்கையில் அதன் குறியீட்டெண் 0.946, இடம் 13. இந்தியாவுக்கு 0.685, இடம் 130. இவ்வெண்களை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிறு மாலை தேக்கா சந்தையிலிருந்து சிராங்கூன் சாலை வழியே நடந்தேன். பணம் அனுப்பும் கடைகளின் முன் நீண்ட வரிசை. புல்தரையில் கூட்டங்கூட்டமாய் அமர்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தனர் தமிழகத்து இளைஞரும் வங்காளதேசத்து இளைஞரும். ஒருவரிடம், "எந்த ஊர், தம்பி?" என்றேன். "பட்டுக்கோட்டை பக்கம், சார். பதினோரு வருசமாச்சு. பையன் அங்க ஏழாவது படிக்கிறான்" என்றார். அவர் எழுப்பிய கட்டடம் 13ஆம் இடத்தில் இருக்கிறது. அவர் அனுப்பும் பணத்தால் பயிலும் மகன் 130ஆம் இடத்தில் இருக்கிறான். அவர் எங்கே இருக்கிறார்?

2024 ஜூனில் சிங்கப்பூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 60.4 இலட்சம், அவருள் 18.6 இலட்சம் பேர் குடிமக்களும் அல்லர், நிரந்தரவாசிகளும் அல்லர். நாட்டின் உற்பத்தியில் இவர்தம் உழைப்பு முழுதும் சேர்கிறது. ஆனால் அந்நாட்டுப் புள்ளிவிவரத் துறை வெளியிடும் ஆயுட்காலமும், பள்ளிப் படிப்பின் சராசரி ஆண்டும் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே குறிப்பன. இதில் மறைவு ஏதுமில்லை. அட்டவணையின் அடிக்குறிப்பிலேயே அது காணப்படும். படம் வரைவோர்தாம் அடிக்குறிப்பை வரைவதில்லை.

பிரித்துக் காட்ட இயலாதா என்றால், இயலும். 2020இல் கொரோனா நோய் பரவியபோது சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு நாள்தோறும் எண்களைப் பிரித்தே வெளியிட்டது: சமூகத்தில் இத்தனை, ஊழியர் தங்குவிடுதிகளில் இத்தனை. நாளிதழ்கள் அதனை இரு நிறங்களில் வரைந்தன. ஒரு கோடு தரையோடு கிடந்தது. மற்றொன்று மலைபோல் எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் விடுதிவாசிகளுள் 47 விழுக்காட்டினர் நோய்த்தொற்றுக்கு ஆளானதாக அரசே அறிவித்தது. பன்னிரண்டு பேர் ஓர் அறையில் படுப்பதென்றால் என்ன என்பதை அந்த இரண்டாம் நிறமே பலர்க்கு முதன்முதலாக உணர்த்திற்று. அதன் பின்னரே புதிய விடுதிகளுக்கு இட அளவும் அறைக்கு ஆள் அளவும் திருத்தப்பட்டன. ஒரே கோடாக வரைந்திருப்பின் இது நேர்ந்திருக்குமா என்பது ஐயமே.

பழையோர் இதனை அறிந்தே இருந்தனர். 1889இல் சார்லஸ் பூத் இலண்டனின் வறுமையைப் படமாக்கியபோது, நகர் முழுமைக்கும் ஒரே நிறம் பூசினாரில்லை. தெருத்தெருவாகக் கறுப்பும் நீலமும் சிவப்பும் மஞ்சளும் தீட்டினார். செல்வர் தெருவின் மஞ்சளுக்குப் பின்புறத்தே கறுப்புச் சந்து கிடப்பதை அப்படத்தில் இன்றும் காணலாம். ரோஸ்லிங்கின் மருமகள் அன்னா அமைத்த 'டாலர் தெரு'வும் இவ்வழியதே. நாட்டை விடுத்து, வருமான வரிசையில் வீடுகளின் நிழற்படங்களை நிறுத்துகிறது அது. குமிழிப் படத்தினும் அதனையே யான் உயர்வாக மதிப்பேன். ஆயினும் அதன் அலகு குடும்பம் வாழும் வீடு. பட்டுக்கோட்டைக்காரருக்கு வீடு ஓரிடம், படுக்கை ஓரிடம்.

மறுவாரம் அம்மாணவியை அழைத்து, குமிழிப் படத்தை அச்சிட்ட தாளையும் ஒரு பென்சிலையும் கொடுத்தேன். அவள் மலேசியக் குமிழிக்கும் சிங்கப்பூர்ப் புள்ளிக்கும் இடையே ஒரு கோடு இழுத்தாள். கோட்டின் மேல் 'காலை 4', கீழே 'இரவு 9' என்று எழுதினாள். பிறகு வகுப்பில் ஏனையோரும் தத்தம் வீட்டாருக்கு ஒவ்வொரு கோடு இழுத்தனர். முப்பத்தொரு பிள்ளைகளுள் பத்தொன்பது பேருக்குக் கோடு வேண்டியிருந்தது. அத்தாளை வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.