நிலம் பிரிந்த பொழுது

தமிழில் முதற்பொருள் எனப்படுவன இரண்டே. ஒன்று நிலம், மற்றொன்று பொழுது. தொல்காப்பியத்தின் அகத்திணையியல் வகுத்த இப்பாகுபாட்டை நாம் பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஆயினும் அதன் உட்பொருளைப் பிற்காலத்தில் எண்ணிப் பார்ப்பவர் சிலரே. மலைக்கு யாமம், காட்டுக்கு மாலை, வயலுக்கு வைகறை, கடற்கரைக்கு எற்பாடு, பாலைக்கு நண்பகல் என்று நம் முன்னோர் பொருத்திச் சொன்னபோது, காலத்தை இடத்தினின்று பிரித்தெண்ண இயலாது என்பதையும் உடன் சொன்னார்கள். பொழுது என்பது எங்கோ ஓரிடத்தில் கணக்கிடப்பட்டு எல்லோர்க்கும் பகிர்ந்தளிக்கப்படும் பொருளாக அன்று இல்லை. அந்தந்த நிலத்தில் விளைவதாக இருந்தது.

இன்று நம் கையில் உள்ள கருவி காட்டும் நேரமோ எந்த நிலத்திலும் விளைவதன்று. திருவனந்தபுரம் கோட்டைக்குள் நிற்பவனுக்கும், பொன்முடி மலையடிவாரத்தில் கல்லாற்றங்கரையில் நிற்பவனுக்கும் அது ஒரே எண்ணைக் காட்டுகிறது. கடலுக்கப்பால் இருக்கும் மகனோடு அந்நொடியிலேயே பேசவும் வைக்கிறது. இதனால் நம் அன்றாட வாழ்வு மாறிவிட்டது என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்த மாற்றத்தை நம் இலக்கியம் எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முல்லைப்பாட்டும் நாழிகைக் கணக்கரும்

பத்துப்பாட்டுள் மிகச் சிறியது நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு. 103 அடிகளில் அது இரண்டு இடங்களைக் காட்டுகிறது. ஓரிடம் அரசியின் மாளிகை. மற்றோரிடம் காட்டில் அமைந்த அரசனின் பாசறை. கார்காலத்து மாலையில் முதிய பெண்டிர் ஊர்ப்புறம் சென்று நற்சொல் கேட்டு நிற்கின்றனர். தாயைக் காணாது வருந்தும் கன்றுக்கு ஓர் ஆய்மகள் கூறும் ஆறுதல் மொழியே அவர்களுக்குக் கிடைத்த செய்தி. அதனை அரசியிடம் கொண்டுவந்து சேர்க்கின்றனர். அக்காலத்துத் தகவல் தொடர்பு அவ்வளவே.

பாசறையிலோ நாழிகை வட்டிலில் ஒழுகும் நீரைப் பார்த்துப் பொழுதை அறிவிப்போர் அரசனுக்கு அருகிலேயே இருக்கின்றனர். அவர்களைப் பொய் சொல்லாதவர்கள் என்று புலவர் சிறப்பிக்கிறார். அந்த அடைமொழி வெறும் புகழ்ச்சி அன்று. பிறர் பொழுதைக் கணித்துச் சொல்பவனுக்கு வேண்டிய முதற்குணம் வாய்மை என்பதே அதன் பொருள்.

இப்பாட்டின் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? அரசன் போர் வேட்கையால் உறங்காதிருந்ததையும், வென்றபின் இனிது துயின்றதையும் அரசி அறியாள். கூரையிலிருந்து விழும் மழைநீரின் ஓசையைக் கேட்டுக்கொண்டு அவள் துயரோடு கிடந்ததை அரசன் அறியான். இருவர் பொழுதையும் ஒருங்கே அறிந்தவர் புலவர் ஒருவரே. அவர்வழி நாமும் அறிகிறோம். ஈரிடத்து நிகழ்வை ஒரே நேரத்தில் காணும் பேறு அன்று கவிதைக்கு மட்டும் உரியதாயிருந்தது.

குறுந்தொகையின் 6ஆம் பாட்டையும் இங்கு நினைக்கலாம். நள்ளிரவில் எல்லோரும் உறங்கத் தான் ஒருத்தி மட்டும் விழித்திருப்பதாகத் தலைவி கூறுவதைப் பதுமனார் பாடியுள்ளார். தலைவன் அந்நேரம் என்ன செய்கிறான் என்பது அவளுக்குத் தெரியாது. அந்த அறியாமையில் துன்பம் உண்டு. அவன்மீது வைத்த நம்பிக்கைக்கும் அதில் இடம் உண்டு. இன்றைய தலைவியின் கையில் வாட்ஸ்அப் இருக்கிறது. அவன் கடைசியாக எத்தனை மணிக்கு வந்துபோனான் என்பதை அது காட்டும். செய்தியைப் படித்துவிட்டான் என்பதை நீலக்குறியிட்டு அறிவிக்கும். இவற்றை மறைத்துவைக்கவும் வழி உண்டு. மறைத்தால் மறைத்தமையே ஐயத்துக்கு இடமாகிறது. அவள் முன்பு இரவோடு விழித்திருந்தாள். இப்போது சான்றுகளோடு விழித்திருக்கிறாள். நெஞ்சின் துயர் குறையவில்லை. அதன் இயல்பு மாறியிருக்கிறது. இந்த நுண்மையான மாற்றத்தைப் பிடிப்பதே இக்கால எழுத்தாளரின் பணி.

அகத்தியர் மலையில் அளந்த காலம்

கவிதைக்கு உரியதாயிருந்த அந்தப் பேறு கருவிக்குக் கைமாறிய வரலாற்றின் ஓர் இயல் நாம் வாழும் இந்நகரிலேயே எழுதப்பட்டது. பத்மநாப சுவாமி கோயிலின் அருகே, பத்மதீர்த்தக் குளத்தை நோக்கி நிற்கும் மேத்தன் மணியைக் காணாத திருவனந்தபுரத்துத் தமிழர் இல்லை. ஒவ்வொரு மணிக்கும் ஆடுகள் இரண்டு ஒரு முகத்தின் கன்னங்களில் முட்டும் அந்தப் பழங்கடிகாரம், அதன் எதிரே வந்து நிற்பவருக்கு மட்டுமே நேரம் சொன்னது.

1837ஆம் ஆண்டில் சுவாதித் திருநாள் மகாராஜா இங்கே வானாய்வுக் கூடம் நிறுவினார். கால்டெகாட் அதன் முதல் இயக்குநர். அவருக்குப் பின் 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன், 1855இல் அகத்தியர் மலை உச்சியிலும் ஓர் ஆய்வுநிலையம் அமைத்தார். காந்த ஊசியின் அசைவை மலையுச்சியிலும் நகரிலும் ஒரே வேளையில் குறித்து ஒப்பிடுவது அவர் நோக்கம். கடிகாரங்கள் ஒத்திருந்தாலன்றி அது கைகூடாது. பொதியில் என்று போற்றப்பட்டு, தமிழ் முனிவர் உறைவதாக நம் மரபு நம்பும் மலையில், ஈரிடத்து நேரத்தை ஒன்றாக்கும் முயற்சி நடந்தது என்பது எண்ணி வியத்தற்குரியது. நப்பூதனார் கற்பனையால் செய்ததைப் பிரௌன் கருவியால் செய்தார்.

அதன்பின் நிலமும் பொழுதும் விரைந்து பிரிந்தன. 1906 சனவரி 1 முதல் நாடு முழுமைக்கும் ஒரே நேரம் என்று அரசு வகுத்தது. அந்நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. திருவனந்தபுரமோ ஏறத்தாழ 77 பாகையில் உள்ளது. ஆகவே நம் கடிகாரம் நண்பகல் என்று சொன்னபின், சராசரியாக 22 நிமிடங்கள் கழித்தே நம் தலைக்கு மேல் உச்சி வருகிறது. இவ்வேறுபாட்டை உணர்பவர் இன்று எவரும் இலர்.

முடிவில் முறையே தலைகீழாயிற்று. நாம் நிற்கும் இடத்தைக் கைப்பேசி எவ்வாறு அறிகிறது? செயற்கைக்கோள்களிலிருந்து வரும் குறிப்பலைகள் எத்துணை நேரத்தில் வந்து சேர்ந்தன என்று கணக்கிட்டு அறிகிறது. 2013இல் இந்தியா ஏவிய முதல் வழிகாட்டுச் செயற்கைக்கோளின் அணுக் கடிகாரங்கள் மூன்றும் பழுதுற்றபோது, அது வானில் சுற்றிக்கொண்டிருந்தும் இடங்காட்டும் பணிக்கு உதவாமற் போயிற்று. பண்டு நிலம் பொழுதைத் தந்தது. இன்று பொழுதைக் கொண்டே நிலம் கணிக்கப்படுகிறது.

கல்லாறு காட்டும் உண்மை

இந்தக் கணக்குகள் அனைத்தும் தளரும் ஓரிடம் கல்லாறு. நெடுமங்காடு, விதுரை வழியே பொன்முடிக்குச் செல்வோர் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குமுன் இவ்வாற்றைக் கடப்பர். இங்கே பொழுதைத் தீர்மானிப்பது கையிலுள்ள கடிகாரம் அன்று. மேலே மலையில் பெய்யும் மழை. கரையில் வெயில் காயும்போதே உச்சியில் பெய்த மழை வெள்ளமாய் வந்து இறங்கும். அதனை அறியாது நீராட இறங்கியோர் உயிரிழந்ததுண்டு. பாறையின் நிறமும் நீரின் கலங்கலும் ஓசையின் மாற்றமும் இவ்வூராருக்கு நாழிகை வட்டில்கள்.

சென்ற மழைக்காலத்துக்குச் சற்று முன் குடும்பத்தோடு அங்குச் சென்றிருந்தேன். சாலை ஏறுந்தோறும் கைப்பேசியில் தொடர்புக் கோடுகள் ஒவ்வொன்றாய்க் குறைந்து, பின் முற்றும் மறைந்தன. மாலையில் கீழே இறங்கியதும் பகல் முழுதும் வந்த செய்திகள் அனைத்தும் ஒருசேர வந்து விழுந்தன. ஒவ்வொன்றிலும் அனுப்பப்பட்ட மணி பொறித்திருந்தது. நான் பெற்ற மணி எங்கும் இல்லை. அப்போது பழைய அஞ்சல் உறைகள் நினைவுக்கு வந்தன. அவற்றில் அனுப்பிய ஊரின் முத்திரை முன்னும், சேர்ந்த ஊரின் முத்திரை பின்னும் இருக்கும். இரண்டு தேதிகளுக்கும் இடைப்பட்ட நாள்களை எழுதியவரும் அறிவார், பெற்றவரும் அறிவார். ‘இது உன்னைச் சேரும்போது’ என்று தொடங்கும் வாக்கியங்கள் நம் கடிதங்களில் மிகுந்திருந்தமைக்குக் காரணம் அதுவே. பெறுபவரின் பொழுது வேறு என்னும் உணர்வு அந்நடையிலேயே அமைந்திருந்தது.

கல்லாற்றுப் பகுதிக் காட்டுக் குடியிருப்பைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மா, மூலிகை அறிவுக்காக 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். நஞ்சு முறிக்கும் மருத்துவத்தில் தேர்ந்தவர். கேரளத்து நஞ்சு மருத்துவ மரபில் ‘தூதலட்சணம்’ என்றொரு பகுதி உண்டு. பாம்பு கடித்த செய்தியைக் கொண்டுவருபவன் வந்த வேளை, நின்ற நிலை, பேசிய சொல் ஆகியவற்றை மருத்துவர் உற்று நோக்குவார் என்பர். முல்லைப்பாட்டின் விரிச்சிக்கு இது உறவு. செய்தி அன்று ஓர் உடலோடு வந்தது. வியர்வையும் மூச்சிரைப்பும் செய்தியின் பகுதிகளாயிருந்தன. இதனைச் சொல்வதால் தூதனையே இன்றும் நம்பியிருக்கவேண்டும் என்பது என் கருத்தன்று. பாம்பு கடித்தவனுக்கு மருத்துவமனையும் நச்சுமுறி மருந்துமே காப்பு. அவனை விரைந்து கொண்டுசேர்க்க உதவும் தொலைபேசி அழைப்பு ஆயிரம் தூதர்க்குச் சமம். பழையதைப் போற்றுவதற்காக உயிரின் கணக்கை மறப்பது திறனாய்வும் ஆகாது, அறமும் ஆகாது.

ஆனால் விரைவு மட்டும் போதாது என்பதையும் இந்நாடு கண்டிருக்கிறது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கைப்பேசிச் செய்திகள் பல்லாயிரவரைக் காப்பாற்ற உதவின. திருவனந்தபுரம் கடற்கரையின் மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று மத்திய கேரளத்தில் மக்களை மீட்டனர். அதே வேளையில், மீட்கப்பட்டுவிட்டவர்களைப் பற்றிய பழைய வேண்டுகோள்கள் நேரம் குறிக்கப்படாமல் கைமாறிக்கொண்டே இருந்தன. எது இன்றைய கூக்குரல், எது நேற்றையது என்று பிரித்தறிய முடியாமல் தன்னார்வலர்கள் திகைத்தனர். செய்தியில் பொய் இல்லை. அதன் பொழுது பொய்யாகியிருந்தது. நாழிகைக் கணக்கரை வாய்மையாளர் என்று நப்பூதனார் ஏன் குறித்தார் என்பது இங்கே தெளிவாகும்.

நம் நாவல்களும் இனி வரவேண்டியவையும்

தொலைபேசி எல்லார் கைக்கும் வருமுன்பே காலத்தை நுண்மையாகக் கையாண்ட எழுத்தாளர்கள் திருவனந்தபுரத்தில் தமிழ் எழுதினர். நீல. பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ 1970இல் வெளிவந்தது. அனந்தன் நாயரின் வாழ்வில் ஏறத்தாழ இரண்டு நாள்களே கதை நிகழும் காலம். நினைவோ பல ஆண்டுகள் பின்னோக்கிச் செல்கிறது. இந்நகரின் தெருக்களே அவர் நினைவை இழுத்துச் செல்கின்றன. அங்கே நிலமும் பொழுதும் இன்னும் பிரியவில்லை. மின்வாரியத்தில் பொறியாளராய்ப் பணியாற்றிய ஒருவர், இணைப்பின் விரைவை எழுதாமல் நினைவின் தாமதத்தை எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது. ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் நெடுங்காலம் கடை நடத்தியவர். அவருடைய கடைத்தெருக் கதைகளில் பொழுது என்பது கடை திறப்பதும், சுமை இறங்குவதும், கூட்டம் கலைவதும் ஆகும். அத்தெருவைப் பெயர்த்துவிட்டால் அக்கதைகளின் காலமும் பெயர்ந்துவிடும்.

இன்றைய கதைகளில் கைப்பேசி இல்லாமல் இல்லை. ஆயினும் அது பெரும்பாலும் கதையை நகர்த்தும் எளிய வழியாகவே வருகிறது. மணி ஒலிக்கிறது; செய்தி வருகிறது; அடுத்த நிகழ்ச்சி தொடங்குகிறது. பேசும் இருவர்க்கும் இரு வேறு பொழுதுகள் உண்டு என்பதைக் காட்டும் கதைகள் அரியனவாகவே உள்ளன. இது கலைக்குறை மட்டுமன்று. வாழ்விலும் நாம் செய்யும் பிழையின் எதிரொலி.

புலம்பெயர்ந்த குடும்பங்கள் இதனை நன்கு அறியும். சார்ஜாவில் உள்ள மகன் பணி முடிந்து அறைக்கு வந்து இரவு 9½ மணிக்கு அழைக்கிறான். நாகர்கோவிலில் தாய்க்கு அப்போது மணி 11. அவள் உறங்காமல் காத்திருக்கிறாள்; உறக்கம் வரவில்லை என்று சொல்லி உரையாடலைத் தொடங்குகிறாள். திரையில் முகம் தெரிகிறது. அவளுடைய யாமம் தெரிவதில்லை. அவனுக்கு அது இரவின் முற்பகுதி. அவளுக்கு நாள் என்றோ முடிந்துவிட்டது. கருவி அவர்களை இணைத்தது உண்மை. அந்த ஒன்றரை மணி வேற்றுமையைச் சுமப்பவள் அவள் ஒருத்தியே என்பதும் உண்மை. இதனை அவன் உணரும் கணம் ஒரு சிறுகதைக்குப் போதும்.

எனவே இக்காலப் படைப்பை மதிப்பிட ஓர் அளவுகோலை முன்வைக்க விரும்புகிறேன். அதில் எத்தனை புதிய கருவிகள் இடம்பெற்றன என்பது கணக்கன்று. மற்றவரின் பொழுதை அப்படைப்பு அறிந்திருக்கிறதா என்பதே கணக்கு. பழந்தமிழ்ப் புலவர்கள் தொடர்பற்ற இருவரின் பொழுதுகளை ஒரே பாட்டில் சேர்த்துக் காட்டினர். இனி வரும் எழுத்தாளர்கள், தொடர்பு அறாத இருவரிடையிலும் மறைந்து கிடக்கும் வேற்றுப் பொழுதுகளைப் பிரித்துக் காட்டவேண்டும். ஓரூரில் பிறந்து மற்றோரூரில் பிழைத்து, இரண்டு ஊர்களின் நேரத்தையும் நெஞ்சில் வைத்துக் கணக்கிடும் நம் குடும்பங்களிலிருந்தே அத்தகைய எழுத்து தோன்றுதல் இயல்பு. நம் இளைஞர்கள் அதனை எழுதவேண்டும்; அதற்கு முன், இன்றிரவு அழைக்கும்போது அங்கே மணி என்ன என்று கேட்கவேண்டும்.