போல்ட்டில் பூட்டிய கார்
சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டை வீட்டு வாசலிலேயே புதுப்பிக்கலாம். இத்தாலியர் மிக்கெலோட்டி வரைந்த அழகைவிட அதன் அமைப்புதான் எனக்குப் பிடிக்கும். மட்கார்டுகளோடு சேர்ந்தே பானெட் முன்னால் சாயும். டயர்மேல் உட்கார்ந்தே இன்ஜினைப் பார்க்கலாம். பாடி தனி, சேசிஸ் தனி. போல்ட்டைக் கழற்றினால் பிரிந்துவிடும். ஆனால் துருவேறிய போல்ட் லேசில் அசையுமா? எண்ணெய் விட்டு ஊறவிட வேண்டும். அவசரப்பட்டால் தலை முறியும். ஓட்டைத் தகட்டைப் பட்டி பூசி மறைப்பது ஏமாற்று வேலை. வெட்டியெடுத்துப் புதுத்தகடு பற்றவைத்து, ரெட் ஆக்சைடு அடிப்பதே முறை.

பீங்கான் தொழில் நடக்கும் விருத்தாசலத்துக்காரருக்கு இந்தக் காரின் ஸ்பார்க் பிளக் தனி ருசி. அதன் வெள்ளைக் கழுத்தும் சூளையில் வெந்த பீங்கான் ஜாதிதான். பல்லாயிரம் வோல்ட்டைத் தாங்கும், துருப்பிடிக்காது. கழற்றிப் பாருங்கள்: நுனி வெளிர் காப்பி நிறமென்றால் பெட்ரோல் கலவை சரி, கரி படிந்திருந்தால் கார்புரேட்டரைத் திறக்க வேண்டியதுதான்.