குழைத்த பத்தில் வேண்டுதலும் விருப்பும்

திருவாசகத்தின் 33-ஆம் பகுதியாகிய குழைத்த பத்தில் ஆறாம் பாட்டே பெரிதும் எடுத்தாளப்பெறுகின்றது. தன் விருப்பினை விடுத்து இறைவன் திருவுள்ளத்தின்வழி ஒழுகுதற்கு அஃது இலக்கியமாகக் காட்டப்பெறும். அங்ஙனம் காட்டுவார் அதன் முன்னும் பின்னும் நோக்குவதில்லை. பத்துப் பாட்டும் அந்தாதியாய்த் தொடர்ந்தவை. ஒன்றனைப் பிரித்தெடுப்பின் பொருள் திரியும்.

ஆறாம் பாட்டின் நான்கடிகளுள் 'வேண்டு' என்னும் வினையடி 7 முறை வருகின்றது. சொல் ஒன்றே, வேண்டுவார் வேறு. உயிர்கள் வேண்டுகின்றன, அயனும் மாலும் வேண்டியும் எய்துகிலர், பின்னர் இறைவனே வேண்டி அடிகளைப் பணிகொள்கின்றான். அதன் பின்னரே அடிகள் தம் வேண்டுதலைக் கூறுகின்றார். ஈற்றில் அச்சொல்லை நீத்து, 'விருப்பு' என்னும் பிறிதொரு சொல்லை இறைவற்கு உரியதாக்குகின்றார். தமக்கு விருப்பே இல்லை என அவர் கூறிற்றிலர். உண்டாயின் அதுவும் அவனதே என்கின்றார். விருப்பினை அழித்தல் வேறு. அதன் உரிமையை மாற்றுதல் வேறு. மெய்கண்டார் பத்தாம் நூற்பாவின் இறைபணி நிற்றலை இப்பாட்டின்மேல் ஏற்றியுரைப்பார் இவ்வேறுபாட்டினை மறத்தலாகாது.

ஆறாம் பாட்டின் ஈற்றில் 'அல்லவா' என்னும் பொருள்பட நின்ற 'அன்றே', ஏழாம் பாட்டின் முதற்கண் 'அந்நாளிலேயே' எனக் காலங் காட்டுகின்றது. ஆட்கொண்ட அன்றே உயிரும் உடலும் உடைமையும் கொள்ளப்பட்டன. எனவே ஒப்படைத்தல் இன்று புதிதாய்ச் செய்வதொன்றன்று. நிகழ்ந்து முடிந்ததனை நாடோறும் நினைந்து நடத்தலேயாம். மூன்றாம் பாட்டில் தம் குற்றங்களைக் குன்றென்றவர், ஈண்டு இறைவனைக் குன்றென்பதும் நோக்கத்தக்கது. நன்று செய்யினும் பிழை செய்யினும் அவன் செயலுக்குத் தாம் நாயகம் அல்லர் என்னும் துணிவு இங்குப் பிறக்கின்றது. எட்டாம் பாட்டில் தமக்கு இங்கு என்ன அதிகாரம் என வினவுகின்றார். பாண்டியன் அமைச்சராயிருந்தார் எனப் புராணம் கூறும் ஒருவர் வாயில் அச்சொல் வருதல் சுவையுடைத்து. இதற்குமேல் அதனை வலியுறுத்த யாம் விரும்பிலேம்.

இனி, பலரும் நோக்காது விடுவது இறுதிப் பகுதியே. இரவும் பகலும் திருவடியை எண்ணுவதன்றி, உடல் விடுமாற்றையும் திருவடி புகுமாற்றையும் எண்ணுதல் அடிமைக்கு அழகோ என ஒன்பதாம் பாட்டில் தம்மையே எள்ளுகின்றார். அடுத்த பாட்டிலோ அரற்றுகின்றார். பெரும்பதம் தாராது குழைத்தாயே என முறையிடுகின்றார். பாட்டு முதற்சொல்லிற்கே மீண்டு மண்டலித்து முடிகின்றது.

இதனைத் தளர்ச்சி என்பாருளர். அஃது எமக்கு உடன்பாடன்று. எஞ்சிய வேட்கையும் அவனதே என ஆறாம் பாட்டிற் கூறியவர், அவ்வேட்கையை மறைத்து அமைதி பூணுவராயின் அதுவே முரணாம். பதிப்புக்களில் இப்பத்திற்கு உட்குறிப்பாகக் காணும் ஆத்தும நிவேதனம் என்னும் பெயர் ஆறாம் பாட்டினும் பத்தாம் பாட்டிற்கே பெரிதும் பொருந்தும் என்பது எம் கருத்து.